உள்ளடி ஒப்புதல் வாரியம்

அந்த மலையில் நடப்பவர்களின் பாதங்களைக் காப்பதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. பாதைக்காரியின் குதிகால் கெட்டதற்குப் பழி முழுவதையும் மலையின் தலையில் போட்டுவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பாதைக்காரி என்பது வேலையைப் பார்த்து ஊர் வைத்த பெயர். அடிவார வாயிலிலிருந்து மேலே தங்கும் விடுதி வரை போகும் ஒற்றையடிப் பாதை அவள் பொறுப்பு. மழைக்குச் சரிந்த கல்லைப் புரட்டித் தள்ளுவாள். விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவாள். பாறையில் அம்புக்குறி மங்கிப்போனால் புதிதாகப் பூசுவாள். வழி தவறி அழுதுகொண்டு நிற்பவர்களை, முதலில் நன்றாகத் திட்டி, பிறகு கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வருவாள். மேலே விடுதியை நடத்துவது அவளுடைய அக்கா. மலையேற வருகிறவர்களுக்குப் படுக்கையும் சூடான சூப்பும் கொடுப்பது அக்காவின் பிழைப்பு. புருஷன் போனபின் அக்கா கீழே இறங்கிக் குடியிருக்க மறுத்துவிட்டாள். தங்கை மேலே ஏறிப் போனால்தான் இருவரும் முகம் பார்த்துப் பேச முடியும்.

அப்படி இருக்கையில்தான் குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் ஆணி ஏறினாற்போல் சுரீரென்று பிடிக்கும். நொண்டி நொண்டி அடுப்படி வரை போவதற்குள் கொஞ்சம் தணியும். தணிந்துவிட்டது என்று நம்பி மலையேறினால், இறங்கும்போது வட்டியும் முதலுமாக வந்து நிற்கும். அவளுக்கு வேலையில் கொடுத்த ஷூ வெளியே பார்க்க யானைக்குப் போடலாம் போல இருந்தது. உள்ளே இருந்ததோ ஒரு தட்டை அட்டை. பிஸ்கட் பெட்டியின் அடியில் வைப்பார்களே, அந்த ஜாதி.

டவுனில் ஷூக் கடை வைத்திருந்த பெண் அவள் காலைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "வளைவுக்கு முட்டு வேணும், குதிகாலை கிண்ணம் மாதிரி பிடிச்சு நிறுத்தணும். அவ்வளவுதான்" என்றாள்.

"நல்லா மெத்து மெத்துன்னு இருக்கிறதா கொடு."

"மெத்து மெத்துன்னு இருக்கிறது கடைக்குள்ள நாலு நடை நடந்தா சுகமா இருக்கும். மலையில அமுங்கிப் போயிடும். கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும். முதல்ல உறுத்தும், அப்புறம் மறந்துடுவீங்க."

வாங்கி ஷூவுக்குள் போட்ட சோல் ஒரு வாரம் உறுத்தியது. பிறகு பாதைக்காரி மறந்தே போனாள். வலி இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தால் அல்லவா இல்லையென்று தெரிகிறது! அக்காவின் விடுதி வாசலில் போய் நின்று, "இன்னிக்கு ஓடியே வந்துட்டேன்" என்றாள். "எவன் துரத்தினான்?" என்று கேட்டாள் அக்கா.

மறுநாள் துரத்த ஆள் வந்துவிட்டது.

வாரியத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாதையில் ஒருவர் வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டார். விசாரணை வைத்தார்கள். அவர் போட்டிருந்தது குளியலறைச் செருப்பு என்று தெரியவந்தது. ஆகவே, ஷூவுக்குள் போடும் சோல்களைக் கட்டுப்படுத்த ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. செருப்பை ஏன் கட்டுப்படுத்தவில்லை என்று கேட்டவர்களுக்கு, செருப்புக்குள் சோல் போட முடியாது, ஆகவே அது வாரியத்தின் வரம்புக்குள் வராது என்று விளக்கம் தரப்பட்டது.

அந்த வாரியத்தின் பரிசோதகர்தான் இப்போது வந்து வாயிலில் மேஜை போட்டு உட்கார்ந்தார். கையில் நீளமான கரண்டி மாதிரி ஒரு கருவி. மலையேற வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று ஷூவைக் கழற்றிக் கொடுக்க, அவர் கரண்டியை உள்ளே விட்டுத் துழாவினார். பாதைக்காரியின் ஷூவில் கரண்டி நின்றது.

"என்னம்மா இது?"

"சோல், சார். குதிகால் வலிக்குப் போட்டிருக்கேன்."

"ஷூவுக்குள்ள காலைத் தவிர வேற எது இருந்தாலும் அது அந்நியப் பொருள்."

"சாக்ஸ் இருக்கே சார்?"

பரிசோதகர் நியாயமான மனிதர். யோசித்தார். "சாக்ஸ் காலோட சேர்த்தி."

"அப்ப இது ஷூவோட சேர்த்தி."

"அதை நீங்க சொல்லக் கூடாது. வாரியம் சொல்லணும்."

இரண்டு சோல்களையும் இடுக்கியால் எடுத்து, செத்த எலியைப் போடுவது போலப் பைக்குள் போட்டு முடிந்துகொண்டார். அட்டையை மட்டும் விட்டுவைத்தார். வாரியம் பிறப்பதற்கு முன்பே ஷூவோடு வந்த அட்டை அது. அதற்கு ஒப்புதல் தேவையில்லை.

அட்டையின் மேல் சில நாள் நடந்ததிலேயே பாதைக்காரிக்குப் பழைய ஆணி திரும்ப ஏறியது. பாதி வழியில் பாறையில் உட்கார்ந்து கண்ணீர் விட்டாள். மேலதிகாரி, "ஏற முடியலைன்னா சொல்லிடு, டிக்கெட் அறையில உக்கார வெச்சிடறேன்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். டிக்கெட் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை தெரியாது. கார் நிறுத்துமிடம்தான் தெரியும். அக்காவிடம் போனில், "ரெண்டு வாரம் வர முடியாது போலிருக்கு" என்றாள். "கால் எப்படியிருக்குன்னு கேக்க மாட்டேன். குரல்லயே நொண்டுறே" என்றாள் அக்கா.

பாதைக்காரி வாரியத்துக்குக் கிளம்பினாள்.

வாரியத்தின் கட்டடம் சமவெளியில், நகரத்தின் நடுவில் இருந்தது. வாசலிலேயே ஷூவை வாங்கி வைத்துக்கொண்டு, தரை கீறிவிடாமலிருக்கத் தடித்த கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். உள்ளே எல்லாரும் அதையே போட்டிருந்தார்கள். தரை முழுக்க விரிப்பு. கால் புதையப் புதைய நடந்தபோது பாதைக்காரிக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கட்டடத்தில் யாருக்கும் குதிகால் வலி வர வாய்ப்பே இல்லை.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் தலை நிமிராமலே கேட்டாள். "குதிப் பிரிவா, வளைவுப் பிரிவா?"

"குதிகால்லதான் வலி. ஆனா வளைவுக்கு முட்டு இல்லாததாலதான் வருதுன்னு கடையில சொன்னாங்க."

"அப்ப கஷ்டம். குதிப் பிரிவும் வளைவுப் பிரிவும் பேசிக்கிறதில்ல."

"ஏன்?"

"ஏ.சி. எந்தப் பக்கம் திரும்பணும்னு ஒரு தகராறு. முதல்ல சொல் அலுவலரைப் பாருங்க."

"சோல் அலுவலரா?"

"சொல் அலுவலர். பொருளுக்குப் பேர் இருந்தாத்தானே ஒப்புதல் கொடுக்க முடியும்?"

சொல் அலுவலர் அகராதிகளின் நடுவே முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். பாதைக்காரியைக் கண்டதும் மலர்ந்துபோனார். அவரைத் தேடி ஆள் வந்து நாளாகியிருக்க வேண்டும்.

"உக்காருங்க. நீங்க அதை என்னன்னு சொல்வீங்க?"

"சோல்னுதான் சார் சொல்வோம்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "முதல்ல 'உள்ளடி'ன்னு வெச்சோம். அழகான சொல். வாரியத்துக்கும் உள்ளடி ஒப்புதல் வாரியம்னு பலகை எழுதி மாட்டியாச்சு. அப்புறம் பார்த்தா போறவன் வர்றவன் எல்லாம் சிரிக்கிறான். உள்ளடி வேலை பார்க்கிறதுக்கு ஒப்புதல் கொடுக்கிற வாரியமாங்கிறான். சரின்னு மாத்த ஒரு குழு போட்டோம். 'அகவடி'ங்கிறது ஒரு கட்சி. 'பாதமெத்தை'ங்கிறது ஒரு கட்சி. மெத்தைன்னு சொன்னா நடக்கிறவன் தூங்கிடுவான்னு அகவடிக்காரங்க சொல்றாங்க. அகவடின்னு சொன்னா யாருக்குமே புரியாதுன்னு மெத்தைக்காரங்க சொல்றாங்க."

"நீங்க எந்தக் கட்சி சார்?"

"நான் குழுத் தலைவர். எனக்குக் கருத்து இருக்கக் கூடாது."

"பேர் முடிவாகிற வரைக்கும் என் காலு?"

"காலுக்குப் பேர் இருக்கே! கால்ங்கிறதுல எந்தச் சிக்கலும் இல்ல. நல்ல பழைய சொல்" என்று அவர் அவளைத் தேற்றினார்.

அவருடைய சிபாரிசில் வசதி அலுவலரின் அறைக்குப் போனாள். அந்த அம்மாள் சுறுசுறுப்பானவர். அறையின் நடுவில் ஓர் இயந்திரம், இரும்பில் செய்த கால் ஒன்றைத் தூக்கித் தூக்கித் தட்டின் மேல் வைத்துக்கொண்டிருந்தது. டொக், டொக் என்ற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"இதுதான் எங்க பரிசோதனைக் கால். இதுவரைக்கும் எந்த சோல் போட்டும் இதுக்கு வலிச்சதில்ல."

"நல்லதுங்க மேடம். அப்ப ஒப்புதல் கொடுத்துடலாமே?"

"எப்படிக் கொடுக்கிறது? எந்த சோல் போட்டும் வசதியா இருக்குன்னும் இது சொன்னதில்ல."

பாதைக்காரி குனிந்து கம்பளிச் செருப்பைக் கழற்றினாள். "என் காலைப் பாருங்களேன் மேடம். இங்க அமுக்கினா உயிர் போகுது. அந்த சோலை வெச்சா வலி இல்ல. இப்பவே நடந்து காட்டறேன்."

வசதி அலுவலர் பதறி விலகினார். "மூடுங்க, மூடுங்க. தனிப்பட்ட காலை நாங்க பார்க்கிறதில்ல. உங்க காலைக் கேட்டா அது உங்களுக்குச் சாதகமாத்தானே சொல்லும்?"

"என் சோலையாவது திருப்பிக் கொடுங்க."

"அதை ரெண்டா வெட்டிட்டோம். உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும் இல்லையா?"

"என்ன இருந்தது?"

"சோல்தான் இருந்தது" என்றார் வசதி அலுவலர். குரலில் லேசான ஏமாற்றம்.

பாதைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். பாதையில் பாம்பைப் பார்த்திருக்கிறாள், பாறை உருண்டு வருவதைப் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் என்ன செய்வதென்று தெரிந்தது. இங்கே யாரைத் தள்ளுவது, எதை அறுப்பது என்றே தெரியவில்லை. இயந்திரக் காலை ஓங்கி ஓர் உதை விடலாமா என்று தோன்றியது. வலிக்கப்போவது தன் கால்தான் என்பதால் விட்டுவிட்டாள்.

நிஜமான வலியோடு ஒரு பெண் வந்திருக்கிறாள் என்ற செய்தி அதற்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். வாரியத் தலைவரே அவளைக் கூட்ட அரங்குக்கு அழைத்துவரச் சொன்னார். ஊழியர்கள் எல்லாரையும் கூட்டி வைத்து, அவளை முன் வரிசையில் உட்கார வைத்து, ஒலிபெருக்கி முன் நின்றார். காலில் அதே கம்பளிச் செருப்பு, வெல்வெட் வைத்தது. தலைவர் என்பதால் அதில் குஞ்சம் வேறு.

"நண்பர்களே! நம்ம வாரியத்தால என்ன பிரயோஜனம்னு கேக்கிறவங்க இருக்காங்க. அவங்களுக்கு நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இதுவரைக்கும் நாம ஒப்புதல் கொடுத்த சோலால ஒருத்தருக்காவது, ஒரே ஒருத்தருக்காவது, கெடுதல் வந்திருக்கா? கிடையாது! ஏன் வரல? ஏன்னா நாம ஒரு சோலுக்குக்கூட ஒப்புதல் கொடுத்ததில்ல. இதைவிடப் பாதுகாப்பை உலகத்துல எவன் கொடுக்க முடியும்?"

அரங்கம் குதூகலித்தது. கம்பளிச் செருப்புகளால் தரையில் தட்டி மகிழ்ச்சி தெரிவிப்பது அங்கே வழக்கம். சத்தமே வராமல் எல்லாரும் கால்களை ஆட்டினார்கள்.

"வலிக்குதுன்னு இந்த அம்மா வந்திருக்காங்க. நான் சந்தோஷப்படறேன். வலி இருக்கிற வரைக்கும்தான் வாரியம் இருக்கும். வலி இல்லாத மக்களுக்கு நாம எதுக்கு?" இந்த இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது.

பாதைக்காரி எழுந்து நின்றாள். அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை; பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் கேட்கக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"ஐயா, நீங்க யாராவது அந்த மலையில ஏறியிருக்கீங்களா?"

தலைவர் தண்ணீர் குடித்தார். குடித்து முடிப்பதற்குள் அவருக்கு யோசனை பிறந்துவிட்டது. "கள ஆய்வு!" என்றார். "நானே வர்றேன்."

வந்தார். சொல் அலுவலர், வசதி அலுவலர், தலைவர் மூவரும் புத்தம் புதிய ஷூக்களோடு அடிவாரத்தில் காரை விட்டு இறங்கினார்கள். வாரியத்தின் விதியை வாரியமே மீறக் கூடாது என்பதால் மூவருடைய ஷூவுக்குள்ளும் தட்டை அட்டை மட்டும்தான். பரிசோதகர் தலைவரின் ஷூவுக்குள்ளும் கரண்டியை விட்டுப் பார்த்து சல்யூட் அடித்தார்.

முதல் திருப்பம் வரை தலைவர் பேசிக்கொண்டே வந்தார். இரண்டாவது திருப்பத்தில் பேச்சு நின்றது. மரங்கள் முடிந்து கற்கள் தொடங்கிய இடத்தில், "இதெல்லாம் என்ன?" என்று கேட்டார்.

"கல்லுங்க, ஐயா."

"எப்பவும் இங்கதான் இருக்குமா?"

"மழை பெஞ்சா இன்னும் வரும்."

வசதி அலுவலர் ஒரு பாறையில் உட்கார்ந்து, தான் இங்கேயே இருந்து காட்சியை ஆய்வு செய்வதாகச் சொல்லிவிட்டார். சொல் அலுவலர் வலியில் வாய்விட்டுக் கத்திய சொல் எந்த அகராதியிலும் ஏறாது. தலைவர் மட்டும் பிடிவாதமாக ஏறி, கடைசியில் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே மடங்கி உட்கார்ந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. பாதைக்காரி ஷூவைக் கழற்றிப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து சாக்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி மெல்ல எடுத்துக் கட்டுப் போட்டாள். பையைத் தான் வாங்கிக்கொண்டு, அவர் கையைத் தன் தோளில் போட்டு, தன் குதிகால் எரிய எரிய ஒவ்வோர் அடியாக இறக்கினாள். அவர் மேல் அவளுக்கு இரக்கம்கூட வந்தது. வலி தெரிந்த மனுஷனாகிவிட்டார் அல்லவா!

ஓரிடத்தில் அவர் நின்றார்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சும்மா."

"சொல்லுங்கய்யா" என்றாள் அவள்.

"இந்த ஷூ மட்டமா இருக்கு."

"ஆமாய்யா. ரொம்ப மட்டம்."

"உள்ளே இருக்கிற அட்டையும் மட்டமா இருக்கு."

"அதைவிட மட்டம் கிடையாதுங்கய்யா!"

"அப்ப மட்டமா இல்லாதது எது?" தலைவர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். பாதைக்காரியும் அவர் பார்த்த பக்கம் பார்த்தாள். அங்கே வானம் வரைக்கும் ஒன்றுதான் இருந்தது.

"மலை" என்றார் தலைவர்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. பரிசோதகர் வாயிலில் நின்று உரக்கப் படித்தார். மேற்படி மலை நெடுகிலும் மேடு பள்ளமாக இருப்பதாலும், கற்கள் ஒழுங்கின்றிக் கிடப்பதாலும், ஒரு பக்கம் ஏறினால் மறுபடி இறங்க வேண்டியிருப்பதாலும், அது நடைக்கு ஏற்றதல்ல என்று வாரியம் காண்கிறது. மலை தன் குறைகளைச் சரிசெய்துகொள்ளும் வரை அதற்கு ஒப்புதல் இல்லை. படித்து முடித்து, மலையைப் பார்த்து ஒரு தடவை நிமிர்ந்து நின்றார், அது பதில் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பது போல. பிறகு கதவைப் பூட்டினார்.

அன்று மதியம் அக்கா போனில் பொரிந்து தள்ளினாள்.

"மலையை மூடிட்டாங்களாமே? நான் இங்கதானேடி இருக்கேன்? என்னையும் உள்ளே வெச்சா மூடினாங்க?"

"ஆமாக்கா."

"மலை குறையைச் சரிபண்ணிக்கணுமாமே. எப்படி, படுத்துக்கணுமாமா? காலையிலேருந்து ஒரு ஜனம் வரல. சூப்பை நானே குடிச்சுக் குடிச்சு வயிறு வீங்கிப்போச்சு. நீயும் வர மாட்டே. சும்மா இருந்த மலையைப் போய்க் காட்டிக் கொடுத்துட்டியேடி!"

பாதைக்காரி போனை வைத்துவிட்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வாயிலுக்குப் போனாள்.

பரிசோதகர் மேஜையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"வேற எடம். மலை இல்லைன்னா மலையேறுறவன் இல்ல. ஏறுறவன் இல்லைன்னா ஷூ இல்ல. ஷூ இல்லாம சோலை எங்க தேடுறது?"

"கதவுச் சாவி?"

அவர் தலையைச் சொறிந்தார். மூடிய மலைக்குச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதவில்லை. "பாதை உங்க பொறுப்புதானே? நீங்களே வெச்சுக்கங்க. யாராவது வந்தா மூடியிருக்குன்னு கண்டிப்பா சொல்லணும். அது உங்க கடமை."

"சொல்லாம இருப்பேனா?" என்றாள் பாதைக்காரி.

வண்டி தூசி கிளப்பிக்கொண்டு போய் மறையும் வரை நின்று பார்த்தாள். பிறகு நேரே டவுனுக்குப் பஸ் பிடித்தாள். கடைக்காரப் பெண், "பழசு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க வெட்டிட்டாங்க" என்று சொன்னபோது, அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பாதைக்காரி சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அட்டையை உருவி எடுத்துக் குப்பையில் வீசினாள். புதிய சோலைப் பொருத்தி, குதிகாலை ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்து, கயிற்றை இழுத்துக் கட்டினாள். கதவைத் திறந்தாள். ஷூவைக் கழற்றச் சொல்ல அங்கே ஈ காக்கைகூட இல்லை. சோல் மறுபடி உறுத்தியது. அந்த உறுத்தலை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலப் பேணிக்கொண்டு ஏறினாள். திருப்பங்களில் நிதானமாக நின்றாள். சரிந்த கற்களைப் புரட்டித் தள்ளினாள். விடுதி வாசலில் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"மலை மூடியிருக்குன்னாங்க. எப்படிடி வந்தே?"

"நடந்துதான்."

அக்கா அவள் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். "நீ வந்தது சரி. ஜனங்க வரணுமே?" என்ற குரல் மட்டும் வந்தது.

வாரியம் அந்த ஆண்டு ஒரு விழா நடத்திற்று. மலை மூடப்பட்ட நாளிலிருந்து அந்தப் பாதையில் ஒருவருக்கும் கால் வலி வந்ததாகப் புகாரே இல்லை என்று தலைவர் அறிவித்தார். கம்பளிச் செருப்புகள் சத்தமின்றித் தட்டின. எல்லா மலைகளுக்கும் இதை விரிவுபடுத்தப் போவதாகவும் சொன்னார்.

அதே நாள் காலையில், தோளில் பை மாட்டிய ஆணும் பெண்ணுமாக இருவர் வாயிலுக்கு வந்தார்கள். அறிவிப்புப் பலகையைப் படித்து முகம் வாடினார்கள். கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாதைக்காரியைப் பார்த்து அந்தப் பெண் கேட்டாள்.

"அக்கா, மலை மூடியிருக்கா?"

"மூடித்தாம்மா இருக்கு" என்றாள் பாதைக்காரி கண்டிப்பாக. எழுந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "ரெண்டாவது திருப்பத்துக்கு மேல கல்லு ஜாஸ்தி. பார்த்துப் போங்க."